வன்னியில் மறைந்த புதைகுழிகளை வரைபடம் கொண்டு தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள், கிராம அபிவிருத்திச் சங்கக்காரர், நில அளவை படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன.

"மெசின் கொண்டுவந்தால் உள்ளுக்க கிடக்கிற எலும்பைக் காட்டுமாம், உண்மையோ?"

இல்லை. மண்ணுக்குள் கிடக்கும் எலும்பை எலும்பு என்று காட்டும் கருவி எதுவும் கிடையாது. கருவிகள் தேடுவது கிளறிய மண்ணைத்தான். ஒருமுறை வெட்டி மூடிய குழி பழைய நிலைக்குத் திரும்பாது. மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்துவிடும், இறுக்கம் குறையும், நீர் பிடிக்கும் தன்மை மாறும், குழியின் விளிம்பு ஒரு கோடாக நிற்கும். செய்மதி, ட்ரோன், ராடார், மின்தடைமானி எல்லாம் இந்த வித்தியாசத்தையே வெவ்வேறு வழியில் பார்க்கின்றன. ஏன் வெட்டினார்கள், உள்ளே என்ன, எந்த ஆண்டு என்பதெல்லாம் அகழ்ந்த பிறகுதான் தெரியும்.

அப்படியானால் இதற்கு ஏன் மினக்கெட வேண்டும்? இதுவரை வெளிவந்தவற்றைப் பாருங்கள். திருக்கேதீஸ்வரத்தில் 2013 டிசம்பரில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டியபோது. மன்னார் சதொச வளவில் 2018இல் கட்டட வேலையின்போது. கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் 29ஆம் திகதி, மறுபடியும் தண்ணீர்க் குழாய். வன்னிக்கு வெளியே செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025 பெப்ரவரியில், அதுவும் கட்டுமான வேலை. ஒன்றுகூடத் தேடிக் கண்டுபிடித்ததல்ல. பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) வாளியில் ஏறிய முதல் எலும்பு எந்த ஆழத்தில், எந்தப் பக்கம் பார்த்து, எதன் மேல் கிடந்தது என்பது அந்த நிமிடத்தோடு போய்விடுகிறது. வாளி வருவதற்கு முன்பே இடத்தைக் குறித்து வைப்பதற்குத்தான் வரைபடம்.

"கூகிள் ஏர்த்தில பின்னுக்குப் போய்ப் பார்த்தால் குழி தெரியாதோ?"

எந்த ஆண்டில் நடந்தது என்பதைப் பொறுத்தது. கொம்பியூட்டரில் கூகிள் ஏர்த் புரோவை இறக்கி (இலவசம்), மேலே உள்ள மணிக்கூடு அடையாளத்தை அழுத்தினால் பழைய படங்கள் திகதியோடு வரும். ஆனால் ஒரு மீற்றர் அளவுக்குத் துல்லியமான செய்மதிப் படங்கள் விற்பனைக்கு வந்ததே 1999இல் ஏவப்பட்ட இக்கோனொஸ் செய்மதிக்குப் பிறகுதான். அதற்கு முந்திய லான்ட்சாற் படத்தில் ஒரு புள்ளி 30 மீற்றர். ஒரு வீட்டு வளவே அதற்குள் அடங்கிவிடும், குழி எங்கே தெரியப் போகிறது?

2009 வேறு கதை. அப்போது அரை மீற்றர் அளவில் படமெடுக்கும் செய்மதிகள் மேலே இருந்தன. அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் அந்த ஆண்டு மே மாதப் படங்களை ஆராய்ந்து, கடலோரப் போர்ப் பகுதியில் மூன்று இடுகாடுகளில் 1346 புதைகுழிகள் என்று எண்ணியது. வரிசையாக, ஒரே அளவில் வெட்டப்பட்ட குழிகள் என்பதால் எண்ண முடிந்தது. அவசரத்தில் பங்கருக்குள்ளேயே போட்டு மூடியது இப்படித் தெரியாது.

ஒற்றைப் படத்தை வைத்து எதுவும் சொல்லக் கூடாது. 'முன்', 'பின்' என்று குறைந்தது இரண்டு திகதி வேண்டும். முதல் படத்தில் பற்றை, இரண்டாவதில் வெறும் மண் செவ்வகம், மூன்றாவதில் மீண்டும் பற்றை என்றால் அது கவனிக்க வேண்டிய இடம். படத்தில் திகதி எழுதியிருக்கும் மூலையையும் சேர்த்துச் சேமியுங்கள். பிறகு அதே படம் அகப்படாமலும் போகலாம்.

"அப்ப 90களில நடந்ததுக்கு ஒரு வழியும் இல்லையோ?"

படம் குறைவு, வழி இருக்கிறது. நில அளவைத் திணைக்களத்தின் பழைய வான்படங்களும் ஓர் அங்குல (ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்) வரைபடத் தாள்களும் அந்தக் காலத்து ஒழுங்கை, குளக்கட்டு, கிணறு, கோயில் எங்கே இருந்தன என்று காட்டும். குழியைக் காட்டாது. சாட்சி சொல்லும் 'பழைய ஒழுங்கை' எது என்பதை உறுதிப்படுத்த அது போதும்.

கொக்குத்தொடுவாயைச் சற்று யோசித்துப் பாருங்கள். அங்கே 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. புதைக்கப்பட்ட காலம் 1994க்கும் 1996க்கும் இடைப்பட்டது என்று அகழ்வை நடத்திய தொல்லியல் அறிஞரின் அறிக்கை சொல்கிறது. அந்த ஊர்ச் சனமோ 1984 டிசம்பரில் எழும்பியவர்கள், போர் முடிந்த பிறகே திரும்பினார்கள். அதாவது புதைக்கும்போது ஊரில் ஊரவர் இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் 'ஊருக்குள் கேட்டால் தெரியும்' என்ற வழி அடைபட்டிருக்கும். எந்த ஊர் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை வெறுமையாகக் கிடந்தது என்ற விபரமே முதலில் வரைய வேண்டியது. எங்கள் பார்வையில் வன்னிக்கான மிக முக்கியமான படலம் (வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தகவல் அடுக்கு) இதுதான். அதைச் செய்ய ராடார் தேவையில்லை, விதானையாரின் பதிவும் வயதானவர்களின் நினைவும் போதும்.

"அம்மாவுக்கு இடம் நல்லா ஞாபகம். ஆனா கூட்டிக்கொண்டு போனால் 'இது இல்லை, எல்லாம் மாறிக் கிடக்கு' எண்டு அழுகிறா."

வெளிக்குக் கூட்டிப்போவது கடைசி வேலையாக இருக்கட்டும். முதலில் வெற்றுத் தாளும் பென்சிலும் கொடுத்து அவர்களையே கீறச் சொல்லுங்கள். படத்தை முதலே காட்டினால் நினைவு படத்துக்கு ஏற்ப வளைந்துவிடும். "எந்த இடம்?" என்று கேட்காமல் "எங்கயிருந்து வெளிக்கிட்டனீங்கள் அம்மா? அதுக்குப் பிறகு எந்தப் பக்கம் திரும்பினீங்கள்?" என்று வழியைக் கேளுங்கள். நடந்த வழி நினைவில் இடத்தை விட உறுதியாகத் தங்கும். வெயில் முகத்திலா முதுகிலா அடித்தது, கடல் இரைச்சல் எந்தப் பக்கம், காலுக்குள் மணலா சேறா, கிணற்றடி எவ்வளவு தூரம், இப்படி.

அடுத்த நாள்தான் அச்சிட்ட படம். சம்பவத்துக்கு ஆகக் கிட்டிய திகதியின் படத்தை ஏ3 தாளில் 1:2000 அளவில் எடுங்கள். தாளில் ஒரு சென்ரிமீற்றர் நிலத்தில் 20 மீற்றர். அசையாப் பொருட்களை முதலில் குறியுங்கள்: மதகு, கோயில், கட்டுக் கிணறு, குளத்துத் துருசு. பனையையும் வேலியையும் நம்ப வேண்டாம். ஷெல்லில் தலை போன பனைகள் பிறகு புல்டோசரில் தள்ளப்பட்டன. ஓர் இடத்தைக் காட்டினால் புள்ளி வைக்காமல் வட்டம் போடுங்கள், "இதுக்கு வெளியால இருக்காது" என்று அவர்களே சொல்லும் அளவு வரை. அந்த வட்டம் 80 மீற்றர் என்றால் 80 மீற்றர். வெட்கப்பட்டுச் சுருக்க வேண்டாம். இரண்டாவது சாட்சி இருந்தால் தனியாக, முதலாமவர் கீறியதைக் காட்டாமல் கேளுங்கள். இரண்டு வட்டம் வெட்டிக்கொள்ளும் துண்டுதான் தேடும் நிலம்.

"போனில லொகேசன் எடுத்து அனுப்பினால் போதும்தானே?"

தொடக்கத்துக்குப் போதும். திறந்த வெளியில் போன் காட்டும் இடம் மூன்று முதல் ஐந்து மீற்றர் வரை பிழைக்கும், காட்டு மரத்தின் கீழ் பத்து மீற்றருக்கும் கூடும். இரண்டு நிமிடம் அசையாமல் நின்று எடுங்கள். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் வேண்டும். அது ஏறக்குறைய ஒரு மீற்றர், நான்கு என்றால் 11 மீற்றர். அதோடு வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு போட்டோ.

அதிகம் நடக்கும் பிழைகள் இரண்டு. 9 பாகை 18 கலை 30 விகலை என்பதை 9.1830 என்று அடித்துவிடுவது முதலாவது. சரியான எண் 9.3083. வித்தியாசம் ஏறக்குறைய 14 கிலோமீற்றர். இரண்டாவது, நில அளவை வரைபடத்தின் ஆள்கூறும் (இடத்தைச் சொல்லும் எண்கள்) போனின் ஆள்கூறும் வெவ்வேறு அடிப்படையில் அமைந்தவை. போன் டபிள்யூ.ஜி.எஸ். 84, எமது நில அளவை எஸ்.எல்.டி. 99, அதற்கு முந்திய தாள்கள் கந்தவளைத் தளம். மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் இருநூறு மீற்றர் அளவுக்கு விலகும். எந்த அடிப்படை என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

"ட்ரோன் விட்டுப் பார்த்தால்?"

முதலில் அனுமதி. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையும் பாதுகாப்பு அமைச்சும் சம்மதிக்க வேண்டும். அனுமதியில்லாமல் எடுத்த படம் நீதிமன்றத்தில் உதவாது, எடுத்தவருக்கும் பிரச்சினை.

வீதியோரக் கலியாண வீட்டுக்குப் படமெடுப்பது போல விட்டால் பயனில்லை. 40 மீற்றர் உயரத்தில், முன்னோக்கி 80 வீதமும் பக்கவாட்டில் 70 வீதமும் படங்கள் ஒன்றோடொன்று மேவ வேண்டும். நிலத்தில் குறைந்தது ஐந்து குறிப்பலகைகளை வைத்து அவற்றை நில அளவைக் கருவியால் அளக்க வேண்டும். அப்போதுதான் பத்துச் சென்ரிமீற்றர் தாழ்வும் உயர வரைபடத்தில் விழும். மூடிய குழியின் மண் இறுகி இறங்குவதால் வரும் தாழ்வு அது. மழைக்குப் பிறகு தண்ணீர் தேங்கும், வெயில் தொடங்கும் பெப்ரவரி, மார்ச்சில் சுற்றிலும் புல் காய அதில் மட்டும் பச்சை நிற்கும். காலை ஏழு மணிச் சாய்வெயிலில் தாழ்வின் நிழலும் தெரியும். காடு மூடிய இடத்தில் இந்தப் படம் மரத்தின் தலையைத்தான் அளக்கும். அங்கே இலைகளுக்கு இடையால் நிலம் வரை போகும் லைடார் (லேசர் ஒளியால் அளக்கும் கருவி) வேண்டும்.

"ராடார் எண்டால் என்ன? எப்பிடி வேலை செய்யுது?"

புல்வெட்டும் மெசின் போலத் தள்ளிக்கொண்டு போகும் பெட்டி. வானொலி அலையைக் கீழே அனுப்பும், மண் மாறும் இடத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியின் நேரத்தைக் குறிக்கும். புதைகுழித் தேடலுக்கு 250 முதல் 500 மெகாஹேர்ட்ஸ் வரையான பெட்டிகள் பொருத்தம். திரையில் குழாய், கல், வேர் போன்றவை கவிழ்த்த கிண்ணம் போல வளைந்து தெரியும். குழியோ பெரும்பாலும் வளைவாக வராது. இயற்கையான மண் படைகளின் கோடுகள் ஓரிடத்தில் அறுந்து, சற்றுத் தள்ளி மீண்டும் தொடங்கும். அந்த அறுந்த இடைவெளியைத்தான் தேட வேண்டும்.

கருவி அளப்பது நேரம், ஆழம் அல்ல. எதிரொலி 20 நனோசெக்கனில் திரும்பியது என்று வையுங்கள். காய்ந்த மணலில் அலை ஒரு நனோசெக்கனுக்கு 15 சென்ரிமீற்றர் போகும். போக வர என்பதால் பாதி, ஆழம் ஒன்றரை மீற்றர். அதே 20 நனோசெக்கன் ஈர மணலில், வேகம் 6 சென்ரிமீற்றர் என்றால், வெறும் 60 சென்ரிமீற்றர். அந்த நிலத்தின் வேகத்தை ஆழம் தெரிந்த ஒரு குழாயின் மேல் ஓட்டி அளக்காமல் 'ஒன்றரை மீற்றரில் இருக்கு' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நேரமும் எடுக்கும். 10க்கு 10 மீற்றர் சதுரத்தில் 25 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு, இரண்டு திசையிலும் என்றால் 82 கோடு, 820 மீற்றர் நடை. ஓர் ஏக்கரில் அப்படி நாற்பது சதுரம், 33 கிலோமீற்றர் அளவு நடை, அதுவும் கயிறு கட்டி, பற்றை வெட்டி, பெட்டி நிலத்தைத் தொடும்படி. சாட்சியின் வட்டம் சுருங்க வேண்டிய தேவை இதனால்தான். செம்மணியில் 2025 ஓகஸ்டில் ராடார் ஓட்டியதும் இடம் ஏற்கெனவே தெரிந்த பிறகு, எல்லை எதுவரை என்று பார்க்கவே.

"முள்ளிவாய்க்கால் பக்கம் உப்புத் தரை எல்லோ, அங்க சரிவருமோ?"

பாதி வரும். கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடைப்பட்ட மணலில் மேற்பகுதி காய்ந்திருக்கும்போது ராடார் மிக நன்றாக ஓடும். உவர்நீர் மட்டத்தைத் தொட்டதும் அலை அங்கேயே செத்துவிடும். ஆகவே நீர்மட்டம் இறங்கியிருக்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரை செய்ய வேண்டும். முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களிமண்ணில் அரை மீற்றர் கூடத் தாண்டாது. தவிர அந்த மண் கோடையில் வெடித்தும் மாரியில் ஊதியும் குழி விளிம்பையே அழித்துவிடும். அங்கே மின்தடைமானி மேல்: கம்பி முனைகளை அரை மீற்றர் இடைவெளியில் நிலத்தில் ஊன்றி மின்னோட்டம் விடுவது. இளகிய மண் ஈரம் பிடித்திருந்தால் தடை குறைவாகக் காட்டும். ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கிரவல் கலந்த செம்மண்ணில் ராடார் ஓடும், ஆனால் ஒவ்வொரு கல்லும் ஒரு வளைவு.

"மெசின் ஏதோ இருக்கு எண்டு காட்டினால் நாங்களே தோண்டிப் பார்க்கலாம்தானே?"

வேண்டாம். முதற் கேள்வியில் சொன்னபடி அது கிளறிய மண் மட்டுமே. வன்னியில் கிளறாத மண் எங்கே இருக்கிறது? பங்கர், மண் அணைக்கு மண் எடுத்த அகழி, கக்கூஸ் குழி, குப்பைக் குழி, பனங்கிழங்குப் பாத்தி, செத்த மாட்டைத் தாட்ட குழி, புற்று இடிந்த இடம். ராடாருக்கு இவை எல்லாம் உறவுக்காரர்.

தோண்டல் நீதவானின் கட்டளையில், சட்ட வைத்திய அதிகாரியின் மேற்பார்வையில் நடக்க வேண்டிய ஒன்று. நாமாகத் தோண்டினால் சாட்சியத்தைக் குழப்பியதாக நாளைக்கு எதிர்த்தரப்புச் சொல்லும், அந்த வாதம் எடுபடவும் கூடும். எல்லாவற்றுக்கும் மேல் மிதிவெடி. சிவப்புப் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பான இடம் அல்ல. அகற்றி ஒப்படைத்த நிலமா என்று பிரதேச செயலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்காமல் பற்றைக்குள் இறங்க வேண்டாம்.

"மெட்டல் டிடெக்டர்?"

ஷெல் துண்டு, ரவைக்கோது, தகரம். ஒரு சதுர மீற்றருக்குள் நூறு தரம் கத்தும். உலோகம் மிகக் குறைந்த பிளாஸ்ரிக் மிதிவெடிக்கு ஒருவேளை கத்தாமலே இருக்கும்.

"மெக்சிக்கோவில தாய்மார் கம்பியைக் குத்தி மணந்து பார்த்தே கண்டுபிடிக்கினமாம். நாங்கள் ஏன் செய்யக் கூடாது?"

அவர்கள் தேடுவது பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள் புதைக்கப்பட்டவர்களை. வாடை அதனால் வருகிறது. பதினைந்து, முப்பது ஆண்டுகள் கடந்த நம் மணலில் மணப்பதற்கு ஒன்றுமில்லை. கம்பி எலும்பில் புதுக் காயம் போடும், அதைச் சாவுக்கு முந்திய காயத்திலிருந்து பிரிக்க வைத்தியர் பாடுபட வேண்டும். மிதிவெடி பற்றி மேலே சொல்லியாயிற்று.

"வேலி போடக் கிடங்கு வெட்டேக்க எலும்பு வந்திட்டுது. முதல்ல என்ன செய்யிறது?"

மண்வெட்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வாருங்கள், போன வழியாலேயே. எடுத்ததைத் திருப்பிப் போட வேண்டாம், கழுவ வேண்டாம். அள்ளிய மண் குவியலும் சாட்சியம்தான், அதைப் பரப்ப வேண்டாம். பக்கத்தில் ஓர் அளவுகோல், இல்லையென்றால் ஒரு பேனையை வைத்துப் போட்டோ எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, நடுவில் ஒன்று, கிட்ட ஒன்று. லொகேசன் எடுங்கள். மழை வரும்போல் இருந்தால் தறப்பாளை நிலத்தில் விரிக்காமல் கம்பில் கட்டி மேலே பிடியுங்கள்.

பொலிஸுக்கு அறிவித்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். அதே நாளில் ஒரு சட்டத்தரணி ஊடாக நீதவான் நீதிமன்றத்துக்கும், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும், காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் தெரியப்படுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டப்படி அந்த அலுவலகம் அகழ்வுக் கட்டளை கேட்டு நீதவானிடம் விண்ணப்பிக்கலாம், அகழ்வை அவதானிக்கவும் செய்யலாம். அதில் நம்பிக்கை இல்லாத குடும்பங்கள் பல உண்டு, காரணத்தோடுதான். இருந்தாலும் சட்டம் தந்திருக்கும் கதவைத் தட்டி, தட்டியதற்குக் கடிதப் பிரதி வைத்திருப்பது நட்டமில்லை.

"மன்னாரில முந்நூறுக்கு மேல எடுத்துப்போட்டு, கடைசியில ஐந்நூறு வருசப் பழசு எண்டு முடிச்சிட்டாங்கள். இதுவும் அப்பிடித்தானே முடியும்?"

சதொச வளவில் எடுத்தவற்றில் ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டு, 2019 மார்ச்சில் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று முடிவு வந்தது. ஆறு மாதிரி முந்நூறு பேருக்கும் பேசுமா என்பது நியாயமான கேள்வி. ஒரே நிலத்தில் பழைய இடுகாடும் புதிய குழியும் இருக்கக் கூடும், விளிம்பைப் பதிவுசெய்து அகழ்ந்தால்தான் பிரித்தறியலாம்.

ஆனால் காபன் பரிசோதனையே பொய் என்று ஒதுக்க வேண்டாம். 1950களிலும் 60களிலும் வானில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் காபன்-14 கூடியது. அதற்குப் பின் வாழ்ந்தவரின் எலும்பில் அந்தக் கூடுதல் பதிந்திருக்கும். எனவே போர்க்காலத்து எலும்பை நானூறு வருசப் பழசு என்று சாதாரணமாகக் காட்டாது. கேட்க வேண்டியது: எந்த எலும்பு, எந்த மண் படையிலிருந்து, எத்தனை மாதிரி, பக்கத்தில் பிளாஸ்ரிக், நைலோன், தகடு, பொத்தான் ஏதும் கிடந்ததா. இந்த நான்குக்கும் பதில் அகழ்வு வரைபடத்தில் இருக்க வேண்டும்.

"ஒரு இடத்தில தாட்டுப்போட்டு, பிறகு கிளறி வேற இடத்துக்கு மாத்தியிருந்தால்?"

பொஸ்னியாவில் அப்படித்தான் நடந்தது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிற்சாவில் கொல்லப்பட்டவர்களை அந்த இலையுதிர் காலத்திலேயே இயந்திரங்களால் கிளறி வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒரே ஆளின் எலும்புகள் பல குழிகளில் வந்தன. இருந்தும் முதற்குழி பேசியது: வான்படத்தில் இரண்டு திகதியில் கிளறிய மண், இரண்டு குழியிலும் ஒரே மகரந்தம், ஒரே ரவைக்கோதுகள். ஆகவே 'வெறுங்குழி' என்று வந்தாலும் மண் மாதிரியை எறிய விடக் கூடாது. சின்ன எலும்புகள், கைவிரல், பல், கிட்டத்தட்ட எப்போதும் தங்கிவிடும். அதனால் எல்லா மண்ணையும் அரிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

"கொம்பியூட்டரே எங்க தோண்டோணும் எண்டு சொல்லாதோ?"

மெக்சிக்கோவில் 2017 முதல், தெரிந்த குழிகளின் தரவைக் கொண்டு கொம்பியூட்டரைப் பழக்கி, எந்த நகராட்சியில் தெரியாத குழிகள் இருக்கக்கூடும் என்று கணிக்கிறார்கள். அங்கே தெரிந்த குழிகள் ஏராளம். இங்கே விரல்விட்டு எண்ணலாம். அதிலும் பெரும்பாலானவை குழாய் வெட்டியும் கட்டடம் கட்டியும் வெளிவந்தவை. அதை வைத்துப் பழக்கினால் கொம்பியூட்டர் என்ன சொல்லும்? 'றோட்டுக் கரையில் தேடு' என்று சொல்லும். குழி அங்கேதான் இருக்கிறது என்பதால் அல்ல, நாம் அங்கேதான் வெட்டினோம் என்பதால்.

கையால் செய்யும் முறை மேல். கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளில் படலங்களை அடுக்குங்கள்: சாட்சி வட்டம், ஊர் வெறுமையாகக் கிடந்த ஆண்டுகள், அந்த நேரத்து முகாம், மண் அணை, ட்ரக்டர் போகக்கூடிய பாதை, மண்வெட்டி இறங்கும் ஆழம், நீர்மட்டம். எல்லாம் ஒத்துவரும் துண்டைச் சிவப்பாக்குங்கள், பாதி ஒத்துவருவது மஞ்சள், கருங்கல் பாறையும் தாழ்ந்த சேற்று நிலமும் பச்சை. தேடலைச் சிவப்பில் தொடங்குங்கள்.

"கீறின வரைபடத்தை பேஸ்புக்கில போடலாமோ? சனத்துக்குத் தெரியோணும்தானே."

போட வேண்டாம். ஆள்கூறு வெளியான அன்றிரவே ஒரு பெக்கோ போகலாம், புதையல் தேடுபவனும் போகலாம். சாட்சி சொன்னவர் யார் என்று ஊருக்குள் ஊகிக்க ஒரு வட்டமே போதும். சாட்சிகளின் பெயர் ஒரு கொப்பியில், இடங்கள் வேறொரு கோப்பில், இரண்டையும் இணைக்க ஓர் இலக்கம் மட்டும். மூன்று பிரதி: ஒன்று குடும்பத்திடம், ஒன்று சட்டத்தரணியிடம் முத்திரையிட்ட உறையில், ஒன்று ஊருக்கு வெளியே. தாளில் கீறிய முதல் படத்தை, அழித்துத் திருத்திய கோடுகளோடு, அப்படியே வையுங்கள். சுத்தமாகத் திருப்பிக் கீறியதை விட நீதிமன்றத்தில் அதற்குத்தான் மதிப்பு.